ஒரு நாளும் பல தேதிகளும்: நாட்காட்டி மென்பொருளில் வட்டாரத் தேதி வடிவங்களைத் திருத்தும் முறை

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது நல்லேப்பிள்ளி. பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்து அமைந்த பகுதி இது. இங்குத் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு ஆகிய மலைப்பகுதிகளிலும் இதே நிலையைக் காணலாம். இத்தகைய எல்லைப்புறங்களில் மொழி இரண்டாக இருப்பது போலவே, நாளைக் குறிக்கும் முறையும் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கிறது. ஒருவர் சித்திரை என்பதை மற்றவர் மேடம் என்கிறார். அரசாங்க அலுவலகமோ இரண்டையும் விடுத்து ஏப்ரல் என்று எழுதுகிறது.

ஏட்டில் தேதியை எழுதிய காலத்தில், எழுதியவர் எம்முறையைக் கையாண்டார் என்பதை ஏட்டைக் கொண்டே பெரும்பாலும் அறிய முடிந்தது. இன்று பிறப்புப் பதிவு, பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி அட்டவணை, பயிர்க் கணக்கு ஆகிய யாவும் கணிப்பொறியில் ஏற்றப்படுகின்றன. கணிப்பொறி தனக்குக் கொடுக்கப்பட்ட விதிப்படியே தேதியைப் படிக்கும். விதி தவறாக இருந்தால், தவற்றையும் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும். ஆகவே அப்பிழைகள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதையும், அவற்றைத் திருத்தும் முறையையும் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

நாள் ஒன்று, பெயர் ஐந்து

உதாரணமாக, 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை என்னும் ஒரே நாளை எடுத்துக்கொள்வோம். அந்நாள் தமிழ் நாட்காட்டியில் சோபகிருது ஆண்டு, சித்திரை 1. கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது 1198, மீன மாதத்தின் கடைசி நாள். இந்திய தேசிய நாட்காட்டியில் சக ஆண்டு 1945, சைத்திரம் 24. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு வருவாய்த்துறைக் கணக்கில் அது பசலி 1432-ஐச் சேர்ந்த நாள். இவை ஐந்தும் சரியானவையே. ஐந்தும் ஒரே பகற்பொழுதையே குறிக்கின்றன.

இவற்றுள் ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது, மாதத்தின் பெயரை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு எண்ணை அப்படியே வைத்துக்கொள்வது பெரும் பிழையாகும். 'சித்திரை என்பதே மேடம்; ஆகையால் சித்திரை 1 என்பது மேடம் 1' என்று கொள்வது இயல்பாகத் தோன்றும். ஆனால் 2023-இல் மேடம் 1 வந்தது ஏப்ரல் 15 அன்றுதான். விஷுவும் அன்றே கொண்டாடப்பட்டது. தமிழ்ப் புத்தாண்டு அதற்கு முந்திய நாளே வந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டிலும் இவ்வாறே ஒரு நாள் வேறுபாடு நேர்ந்தது. ஆயினும் 2024-இல் இரண்டு பண்டிகைகளும் ஏப்ரல் 14 என்னும் ஒரே நாளில் வந்தன.

வேறுபாட்டின் காரணம்

தமிழ் மாதமும் மலையாள மாதமும் சூரியனை ஆதாரமாகக் கொண்டவை. சூரியன் ஓர் இராசியிலிருந்து அடுத்த இராசிக்குப் புகும் கணத்திற்குச் சங்கராந்தி என்று பெயர். அக்கணம் பகலிலோ இரவிலோ எப்பொழுது வேண்டுமானாலும் நேரலாம். மாதமோ ஒரு முழு நாளில் தொடங்க வேண்டும். ஆகவே, சங்கராந்தி நேரும் நாளையே மாதத்தின் முதல் நாளாகக் கொள்வதா, அதற்கு மறுநாளைக் கொள்வதா என்பதற்கு ஒரு விதி தேவைப்படுகிறது. இவ்விதிதான் இரு பகுதிகளிலும் வேறுபடுகிறது.

தமிழ் வழக்கின்படி, சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி நேர்ந்தால் அன்றே மாதம் பிறக்கும். மறைந்த பின் நேர்ந்தால் மறுநாள் பிறக்கும். கேரள வழக்கில் எல்லை சூரியாஸ்தமனம் அன்று. பகற்பொழுதை ஐந்து கூறாக்கி, அவற்றுள் மூன்று கூறு கழிவதற்குள் சங்கராந்தி நேர வேண்டும். பகல் 30 நாழிகையாயின், சூரியோதயத்திலிருந்து 18 நாழிகை எல்லையாகும். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்ற கணக்கில், காலை 6 மணிக்குச் சூரியன் உதித்தால் இவ்வெல்லை பிற்பகல் 1 மணி 12 நிமிடமாகும். அதற்குப் பின் சங்கராந்தி நேர்ந்தால் மலையாள மாதம் மறுநாளே தொடங்கும்.

2023 ஏப்ரல் 14 அன்று, திருக்கணித முறைப்படி, சங்கராந்தி பிற்பகல் 3 மணியளவில் நேர்ந்தது. அது சூரியன் மறைவதற்கு முன்பாகையால் தமிழ் மாதம் அன்றே பிறந்தது. கேரள எல்லை கடந்துவிட்டமையால் மேடம் மறுநாள் பிறந்தது. 2024-இலோ சங்கராந்தி ஏப்ரல் 13 இரவில் நேர்ந்தது. ஆகவே இரு விதிகளும் மறுநாளையே காட்டின. சூரியன் மீண்டும் அதே இராசியில் புக 365 நாளும் சுமார் 6 மணி 9 நிமிடமும் ஆகின்றன. எனவே சங்கராந்தி ஆண்டுதோறும் ஏறக்குறைய 6 மணி பிந்தும். லீப் ஆண்டில் ஒரு நாள் பின்னுக்கு இழுக்கப்படும். இதனால் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நேரம் பெரும்பாலும் பழைய நிலைக்கு வருகிறது. 2019-உம் 2023-உம் ஒத்திருந்ததற்கு இதுவே காரணம்.

இவ்வேறுபாடு சித்திரைக்கு மட்டும் உரியதன்று. பிற்பகலில் சங்கராந்தி நேரும் எம்மாதத்திலும் ஏற்படலாம். ஏற்பட்டால் அம்மாதத்தின் முதல் நாள் தொட்டு எண்கள் ஒன்றுக்கொன்று ஒரு நாள் விலகி நிற்கும். மேலும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சங்கராந்தியின் நேரத்தைச் சற்று வேறாகக் கணிப்பதால், தமிழ் நாட்காட்டிகளுக்குள்ளேயே சில மாதங்களில் வேற்றுமை எழுவதுண்டு. நாட்காட்டி மென்பொருள் ஒன்று 'தமிழ்த் தேதி' காட்டினால், எந்தக் கணிதத்தையும் எந்த விதியையும் பின்பற்றுகிறது என்று சொல்லாத வரையில் அதனை முடிவான சான்றாகக் கொள்ளலாகாது.

ஆண்டுக் கணக்கில் கவனிக்க வேண்டியவை

கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்கியது. தென்பகுதிகளில் சிங்க மாதத்தின் முதல் நாளிலும், வடமலபாரில் கன்னி மாதத்தின் முதல் நாளிலும் ஆண்டு தொடங்கும் வழக்கம் இருந்தது. ஆகவே பழைய ஆவணத்தில் சிங்க மாதத் தேதி காணப்பட்டால், அது எப்பகுதியில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து ஆண்டு எண் ஒன்று கூடவோ குறையவோ செய்யும். சித்தூர்ப் பகுதி முன்னர்க் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. சுற்றியிருந்த பாலக்காட்டுப் பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோதுதான் இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தன. அதற்கு முந்திய நிலப் பத்திரங்களைக் கணிப்பொறியில் ஏற்றுவோர் இதனை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்ப வருவது. 2023-இல் பிறந்த சோபகிருது 1963-இலும் பிறந்ததே. 'சோபகிருது சித்திரை' என்று மட்டும் குறித்த ஏடு, தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பிறந்த ஆண்டைத் தந்துவிடும். பசலி ஆண்டோ ஜூலை 1-இல் தொடங்குவது. ஜூலை முதல் டிசம்பர் வரை 590-ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591-ஐயும் கிறிஸ்து ஆண்டிலிருந்து கழித்தால் பசலி எண் கிடைக்கும்.

இத்தகைய குழப்பங்களை நீக்குவதற்காகவே, விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1952-இல் டாக்டர் மேகநாத் சாகா அவர்களின் தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவை நியமித்தது. நாட்டில் அப்போது ஏறத்தாழ 30 நாட்காட்டிகள் வழங்கின. குழுவின் அறிக்கை 1955-இல் வெளிவந்தது. அதன் பயனாக, 1957 மார்ச் 22-ஆம் நாள் சக ஆண்டு 1879, சைத்திரம் 1 எனக் கொண்டு தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. இதில் மாதப் பிறப்பு சங்கராந்திக் கணத்தைச் சார்ந்ததன்று. சைத்திரத்திற்கு 30 நாள், லீப் ஆண்டில் 31. வைசாகம் முதல் பாத்திரபதம் வரையுள்ள ஐந்து மாதங்களுக்கு 31. எஞ்சியவற்றிற்கு 30 என நாள்கள் நிலையாக வகுக்கப்பட்டன. ஆகையால் எந்த ஊரிலும் எந்த மென்பொருளிலும் ஒரே விடையே கிடைக்கும். ஆயினும் பெயரொற்றுமையால் ஏமாறலாகாது. தேசிய நாட்காட்டியின் சைத்திரம் மார்ச் 22-இலும் (லீப் ஆண்டில் மார்ச் 21), தமிழரின் சித்திரை ஏப்ரல் மத்தியிலும் தொடங்குவதால், இரண்டிற்கும் இடையே மூன்று வாரத்திற்கு மேல் வேறுபாடு உண்டு.

எண் வரிசையினால் நேரும் பிழை

மேலே கூறியவை நாட்காட்டிகளுக்கு இடையேயுள்ள வேற்றுமைகள். அலுவலகங்களில் அன்றாடம் இடர் தருவதோ, ஆங்கில நாட்காட்டிக்கு உள்ளேயே எழும் வரிசைப் பிழையாகும். இந்தியாவில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறோம். அமெரிக்க நாட்டில் மாதம், நாள், ஆண்டு என எழுதுகின்றனர். புதிய கணிப்பொறியில் வட்டார அமைப்பை மாற்றாமல் அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டால், இங்கே எழுதும் முறையில் பதிந்த தேதியை அது தன் முறையில் படிக்கும்.

05/04/2023 என்று ஒரு குழந்தையின் பிறந்த தேதி பதியப்படுவதாகக் கொள்வோம். பதிந்தவர் கருதியது ஏப்ரல் 5. மென்பொருள் கொண்டது மே 4. ஆறாவது வாரத்தில் போட வேண்டிய தடுப்பூசிக்குரிய நாள் மே 17. மென்பொருள் காட்டும் நாளோ ஜூன் 15. குழந்தைக்கு 29 நாள் பாதுகாப்புத் தள்ளிப்போகிறது. ஜனவரி 12 என்பது டிசம்பர் 1 எனத் திரிந்தால் வேறுபாடு 323 நாளாகும். பள்ளிச் சேர்க்கை வயதும், பிற்காலத்தில் வேலைக்கும் ஓய்வூதியத்திற்கும் உரிய வயதும் இவ்வகையில் மாறிவிடும்.

ஓர் ஆண்டில் நாளின் எண் 12-க்கு மேற்படாத தேதிகள் 144 உள்ளன. அவற்றுள் 1/1, 2/2 போன்று நாளும் மாதமும் ஒரே எண்ணாக அமைந்த 12 தேதிகளில் தீங்கில்லை. எஞ்சிய 132 தேதிகளும் இருவகையாகப் படிக்கக்கூடியவை. 13 முதல் 31 வரையுள்ள நாள்களை மென்பொருளால் மாதமாகக் கொள்ள இயலாது. ஆகவே அவற்றைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்துக்களாக வைத்துக்கொள்ளும். இதனால் ஒரே பத்தியில் சில தேதிகள் திரிந்தும், சில எழுத்தாகத் தங்கியும் கலந்து நிற்கும். அட்டவணை மென்பொருள்களில் தேதியாக ஏற்கப்பட்டவை கட்டத்தின் வலப்பக்கத்திலும், எழுத்தாக நின்றவை இடப்பக்கத்திலும் ஒதுங்கியிருப்பது சாதாரணமாகக் காணும் அடையாளம். நூற்றுக்கணக்கான பதிவுகள் உள்ள பத்தியில், தேதியாக ஏற்கப்பட்டவற்றுள் 12-க்கு மேற்பட்ட நாளே இல்லையெனில், வரிசை திரிந்துள்ளது என்று அறியலாம்.

ஆண்டை இரண்டு எண்களால் எழுதுவதும் ஆபத்தானது. பல அட்டவணை மென்பொருள்கள் நெடுங்காலமாக 29 வரையுள்ள எண்களை 2000-த்தைச் சேர்ந்தனவாகவும், 30 முதல் உள்ளவற்றை 1900-த்தைச் சேர்ந்தனவாகவும் கொண்டு வந்துள்ளன. 1929-இல் பிறந்த முதியவரை அவை இன்னும் பிறக்காதவராக்கிவிடும்.

மென்பொருள் தேதியை வைத்திருக்கும் விதம்

கணிப்பொறியின் உள்ளே தேதி பெரும்பாலும் ஓர் எண்ணாகவே இருக்கிறது. குறித்த ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்பதே அவ்வெண். வானநூலார் கையாளும் ஜூலியன் நாள் எண்ணும் இத்தகையதே. அதன்படி 2023 ஏப்ரல் 14 என்பது 2460049. சித்திரை 1, சைத்திரம் 24 முதலியன இந்த ஓர் எண்ணுக்கு அணிவிக்கப்படும் வெவ்வேறு உடைகள் எனலாம். உடை பிழையாயின் மாற்றிவிடலாம். உள்ளிருக்கும் எண்ணே பிழையாயின் எத்தனை உடை மாற்றினும் பயனில்லை. தேதிப் பிழையைத் திருத்துவோர் முதலில் அறிய வேண்டியது இவ்வேறுபாடே.

இவ்வுடைகளை வகுக்கும் விவரங்களை யூனிகோடு கூட்டமைப்பு மொழிவாரியாகத் தொகுத்து வெளியிடுகிறது; உலகின் பெரும்பாலான கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் அதனைப் பயன்படுத்துகின்றன. அத்தொகுப்பில் தமிழுக்கு 14 ஏப்ரல், 2023 என்றும், மலையாளத்திற்கு 2023, ஏப்ரல் 14 என்றும் நீண்ட வடிவம் அமைந்துள்ளது. சுருக்க வடிவம் இரண்டிற்கும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையிலேயே உள்ளது. தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நாடுவாரியாகப் பிரிவு உண்டேயன்றி, கேரளத் தமிழருக்கெனத் தனிப் பிரிவு இல்லை. எனவே நல்லேப்பிள்ளியில் தமிழைத் தேர்ந்தெடுப்பவர் 'தமிழ், இந்தியா' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மாதப் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கும் வடிவத்தில் ஜூனும் ஜூலையும் 'ஜூ' என்றே வருவதால், அவ்வடிவத்தைப் பதிவேடுகளில் பயன்படுத்தலாகாது.

மற்றொரு பிழை நேர வலயத்தால் விளைவது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்திற்கு 5½ மணி முந்தியது. ஏப்ரல் 14 நள்ளிரவு 12 மணி என்பது உலகப் பொது நேரத்தில் ஏப்ரல் 13 மாலை 6.30. பிறந்த தேதியை மணியோடு சேர்த்து வைத்திருக்கும் மென்பொருள், வலயத்தை மறந்தால் ஒரு நாள் முந்திய தேதியைக் காட்டும். பிறந்த தேதி, சேர்க்கைத் தேதி போன்றவற்றை மணி இல்லாத தேதியாகவே வைத்திருத்தல் இதற்குப் பரிகாரமாகும்.

திருத்தும் முறை

முதலாவதாக, எதையும் மாற்றுமுன் கோப்பின் நகல் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, பிழை வடிவத்தில் உள்ளதா, பதிவில் உள்ளதா எனக் காண வேண்டும். ஐயத்திற்குரிய தேதியை மாதப் பெயரும் கிழமையும் தோன்றும் நீண்ட வடிவத்தில் காட்டச் செய்து, மூல ஏட்டோடு ஒப்பிடுக. நீண்ட வடிவம் ஏட்டோடு பொருந்தினால் பிழை வடிவத்தில்தான். வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றினால் போதும். பொருந்தாவிடின் பதிவே திரிந்துள்ளது. வட்டார அமைப்பை மாற்றுவதால் அது நேராகாது.

மூன்றாவதாக, திரிந்த பத்தியை வகைப்படுத்துக. எழுத்தாக நின்றவை ஒரு வகை. நாளும் மாதமும் ஒரே எண்ணானவை ஒரு வகை. திரிந்திருக்கக்கூடியவை ஒரு வகை. முழுப் பத்தியையும் ஒரே கட்டளையால் புரட்டினால், அமைப்பைச் சரிசெய்த பின் பதியப்பட்ட நல்ல தேதிகளும் கெட்டுவிடும்.

நான்காவதாக, திருத்திய தேதியைப் புதிய பத்தியில் எழுதுக. பழையதை அழித்தல் கூடாது. ஏட்டில் பிழையை ஒற்றைக் கோடிட்டு, மேலே திருத்தி, கையொப்பமிடும் வழக்கம் இங்கும் பொருந்தும். திருத்தியவர், திருத்திய நாள், சான்றாகக் கொண்ட ஏடு ஆகியவற்றையும் குறிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, மூல ஏடு கிடைக்காத இடத்தில் ஊகித்துத் திருத்துதல் தகாது. கிழமை குறிக்கப்பட்டிருந்தால் அது நல்ல சாட்சி: 2023 ஏப்ரல் 5 புதன்கிழமை, மே 4 வியாழக்கிழமை. எனினும் இதிலும் எச்சரிக்கை வேண்டும். நம் மரபில் நாள் சூரியோதயத்தில் தொடங்குகிறது. அரசாங்கக் கணக்கிலோ நள்ளிரவில். விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தையின் கிழமையை வீட்டார் முந்திய நாளின் பெயரால் சொல்லக்கூடும். ஆகவே பிறந்த நேரத்தையும் கேட்டறிதல் நலம்.

ஆறாவதாக, இனிப் பிழை நேராதவாறு, கோப்புகளைப் பரிமாறும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2023-04-14 என எழுதுக. 1988-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் சர்வதேசத் தரம் இதுவே. மக்கள் படிக்கும் தாளில் மாதத்தை எண்ணாலன்றிப் பெயரால் எழுதுதல் சிறந்தது. தமிழ் அல்லது மலையாளத் தேதியையும் பதிய நேர்ந்தால், எந்த நாட்காட்டி என்பதைத் தனிப் பத்தியில் குறித்து, சொல்லப்பட்டபடியே எழுதிவைக்க வேண்டும்.

மென்பொருளின் தமிழ் வடிவமே பிழையாக இருப்பதாகத் தெரிந்தால், அதனை உள்ளூரில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதோடு நிற்றல் கூடாது. யூனிகோடு தொகுப்பிற்குத் திருத்தம் முன்மொழிய இடமுண்டு. ஏற்கப்பட்ட திருத்தம் பின்னர் வெளிவரும் பதிப்புகளின் வழியே எல்லாக் கருவிகளுக்கும் சென்று சேரும்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனை எளிய பயிற்சியாக்கலாம். தமிழ் நாட்காட்டி ஒன்றையும் மலையாள நாட்காட்டி ஒன்றையும் அருகருகே வைத்து, பன்னிரண்டு மாதங்களின் முதல் நாளையும் ஆங்கிலத் தேதியோடு மாணவர் எழுதட்டும். ஒரு நாள் விலகும் மாதங்களைக் குறித்துக்கொண்டு, அம்மாதங்களில் சங்கராந்தி நேர்ந்த நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்க்கட்டும். பிற்பகலுக்கும் சூரியாஸ்தமனத்திற்கும் இடைப்பட்ட நேரங்களே அவற்றில் பெரும்பாலும் காணப்படும். தம் வீட்டு நாட்காட்டியோ அண்டை வீட்டு நாட்காட்டியோ தவறன்று, இரண்டும் வெவ்வேறு விதியைப் பின்பற்றுகின்றன என்பதை அவர்கள் தாமே கண்டறிவர்.

எல்லைப்புறத்தில் பல நாட்காட்டிகள் வழங்குவது குறையன்று. எந்த விதிப்படி எழுதப்பட்டது என்று சொல்லாமல் தேதியை விட்டுச் செல்வதே குறை. நாளைத் தெளிவாகப் பதிந்து, அதன் வடிவத்தைப் படிப்பவரின் வழக்கத்திற்கேற்ப அமைத்தால், மேடத்தை எண்ணுபவருக்கும் சித்திரையை எண்ணுபவருக்கும் ஒரே பதிவேடு பிழையின்றிப் பயன்படும்.